துண்டு பிலிமில் ஒரு டிக்கெட்: மிதாகா கிப்லி அருங்காட்சியகம்

அப்பா டோக்கியோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் எதற்கும் அசரவில்லை. ஸ்கைட்ரீ கோபுரத்தைக் காட்டினேன். "நல்ல உசரம்" என்றார். புல்லட் ரயிலில் ஏற்றினேன். "சத்தமில்லாம போவுது" என்றார். அதோடு சரி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர்த் தியேட்டரில் 31 வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். புரொஜக்டர் ரூமின் சதுர ஓட்டை வழியாக ஒரே படத்தை நாளுக்கு நாலு காட்சி வீதம் வாரக்கணக்கில் பார்த்த மனுஷனுக்கு ஆச்சரியம் அவ்வளவு சீக்கிரம் வராது.

டோக்கியோவின் மேற்கே மிதாகாவில், கிப்லி என்ற கார்ட்டூன் படக் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வாசலில்தான் முதல்முறையாக நின்றார். கவுண்டரில் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்னால் வரிசை நிற்பதையும் மறந்து உற்றுப் பார்த்தார்.

"ஏ தாயி, இது பிரிண்டுல வெட்டுனதுல்லா!"

ஆமாம், இங்கே டிக்கெட்டே பிலிம்தான். தியேட்டர்களில் ஓடி முடித்த 35 மில்லிமீட்டர் பிரிண்டுகளை வெட்டி, மூன்று ஃப்ரேம் வருகிற மாதிரி அட்டைச் சட்டத்தில் பொருத்திக் கொடுக்கிறார்கள். எனக்கு யாரோ ஒரு பாட்டியின் முதுகு வந்தது. பையனுக்குத் துடைப்பத்தில் பறக்கும் பெண், ஒரே குதிப்பு. அப்பாவுக்கு வெறும் வானமும் மேகமும். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அவரோ ஓரத்தில் போகும் சவுண்ட் கோட்டையும் துளைகளைச் சுற்றிப் பல்சக்கரம் கடித்த தழும்பையும் நகத்தால் தொட்டுக் காட்டி, "ஓடுன பிலிம்தான். நல்லாவே ஓடியிருக்கு" என்று சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள், கூட்டிப் போகலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள். நேரில் போய் வாங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான டிக்கெட்டை லாசன் என்ற சில்லறைக் கடைக் கம்பெனியின் இணையதளத்தில் திறந்துவிடுவார்கள். நாளும் மணியும் குறித்துத்தான் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 1,000 யென், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 400, அதற்கும் சின்னதுகளுக்கு 100. டோக்கியோவில் இந்த விலைக்கு ஒரு நல்ல மதியச் சாப்பாடுதான் கிடைக்கும். முதல் மாதம் நான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு மதியம் போய்ப் பார்த்தால் சனி, ஞாயிறு எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. தப்பு என்னுடையது. அடுத்த மாதம் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே லாகின் செய்து, தட்கல் எடுக்கிற அதே படபடப்போடு காத்திருந்தேன். மூன்று டிக்கெட் கிடைத்தது. மறுவிற்பனைக்குத் தடை இருக்கிறது, பதிவு செய்தவரின் பெயரை வாசலில் சரிபார்ப்பார்கள். 'நான் வாங்கித் தருகிறேன்' என்று மூன்று மடங்கு கேட்கும் ஆசாமிகளிடம் போகாதீர்கள்.

வழி சொல்கிறேன். நிஷி-கசாய் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு ரொம்பச் சுலபம். தோசாய் லைனில் 'மிதாகா' என்று போர்டு போட்ட ரயிலாகப் பார்த்து ஏறினால் இறங்காமல் கொண்டுபோய் விட்டுவிடும். மிதாகா ஸ்டேஷனின் தெற்கு வாசலில் மஞ்சள் பஸ் நிற்கும். முட்டி வலி இல்லாதவர்கள் தாமாகாவா கால்வாய் ஓரமாகவே நடக்கலாம், இருபது நிமிஷம். நாங்கள் நடந்தோம். நவம்பர் மாதம், மரமெல்லாம் பழுத்து நின்றது. அன்றைக்குச் சனிக்கிழமை, அப்பா கவிச்சி தொடமாட்டார். இனோகாஷிரா பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் முடித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உள்ளே இருக்கும் கஃபே அழகு, ஆனால் சைவக்காரர்கள் அதை நம்பிப் போகக்கூடாது. வரிசையும் பெரிது.

போகிற வழியில் பெயரைப் பற்றிச் சொன்னேன். இத்தாலிக்காரர்கள் சகாராவின் சூடான காற்றைக் கிப்லி என்பார்கள். அந்தப் பெயரில் அவர்களிடம் ஒரு உளவு விமானமும் இருந்தது. விமானப் பைத்தியமான டைரக்டர் ஹயாவோ மியாசாகி அந்தப் பெயரை எடுத்துத் தங்கள் கம்பெனிக்கு வைத்தார். ஜப்பான் சினிமாவுக்குள் ஒரு சூடான காற்று அடிக்கட்டும் என்று ஆசை. ஆனால் உச்சரிப்பில் கோட்டைவிட்டார்கள். இத்தாலியில் 'கிப்லி', இங்கே 'ஜிபுரி'. இன்றுவரைக்கும் ஜிபுரிதான்.

அப்பா கேட்ட முதல் கேள்வி வேறு. "துட்டு யாரு போட்டது?"

அன்றைக்கு நாள் முழுக்க அவர் கேட்டது இதைத்தான், விதவிதமாக. படப்பெட்டி வராமல் காட்சி ரத்தானதும், ஒரே படத்தில் ஒரு தயாரிப்பாளர் காணாமல் போனதும் அவர் கண்ணெதிரே நடந்தவை. டைரக்டர் சொந்தப் படம் எடுத்தால் வீடு போய்விடும் என்பது அவர் தீர்மானம். அதனால் நானும் இந்த அருங்காட்சியகத்தைப் பொம்மை வீடாகப் பார்க்காமல் ஒரு கம்பெனியின் வரவுசெலவு நோட்டாகப் பார்க்க வேண்டியதாயிற்று. முன்பு இரண்டு தடவை வந்திருக்கிறேன். இப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நுழைந்ததும் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போவீர்கள். அங்கே அசைவு எப்படிப் பிறக்கிறது என்று காட்டும் ஓர் அறை. உள்ளே ஒரு பெரிய சுழல்மேடை. அதன்மேல் 300-க்கும் அதிகமான சின்னப் பொம்மைகள்: கயிறு தாண்டும் சிறுமி, குதிக்கும் டோடோரோ (மியாசாகி படத்தில் வரும் காட்டு ஜீவன்), ஓடும் பூனைப் பேருந்து. மேடை சுழலும்போது எல்லாம் கலங்கிய குழம்பாகத் தெரியும். விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியதும் அத்தனைக்கும் உயிர் வந்துவிடும். பையன் வாயைப் பிளந்தான். கூட்டமும் பிளந்தது. அப்பா அதைக் கடந்துபோய், பிலிம் சுருள் ஒன்று உருளைகளில் வளைந்து வளைந்து ஓடிக் கடைசியில் படமாக விழும் ஒரு சாதனத்தின் முன் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற ஜப்பானியச் சிறுவனுக்குத் தமிழிலேயே பாடம் ஆரம்பித்தார். "இந்தா, இங்கன ஒரு நொடி நிக்கும். நின்னு நின்னு போவும். நிக்கலன்னா படம் வழிஞ்சிரும்." அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவன் அம்மா குனிந்து வணங்கினார். அப்பாவும் வணங்கினார்.

அந்த அறையில் நின்றுதான் இரண்டு டைரக்டர்களின் கதையைச் சொன்னேன். இசாவோ தகாஹாதா 1959-இலும் மியாசாகி 1963-இலும் தோயே கம்பெனியின் கார்ட்டூன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நெருங்கிப் பழகியது அங்கே தொழிற்சங்கத்தில். இருவரும் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார்கள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். சங்கம் என்றால் அவருக்குக் காது தானாகத் திறக்கும்.

பிறகு பல வருஷம் வேறு வேறு கம்பெனிகளில் தொலைக்காட்சித் தொடர் வேலை. தொகுமா ஷோதென் என்ற பதிப்பகத்தின் அனிமேஷன் பத்திரிகையில் இருந்த தோஷியோ சுசுகி இவர்களைத் தேடிப் பிடித்தார். மியாசாகியிடம் படத்துக்கான யோசனை இருந்தது. மூலக்கதை இல்லாத படத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. சரி, மூலக்கதையையே உண்டாக்கிவிடலாம் என்று 1982-இல் அந்தப் பத்திரிகையில் படக்கதையாக ஆரம்பித்தார்கள். அதுதான் 1984-இல் 'நௌசிகா' படமாக வந்தது. அதை எடுத்தபோது கிப்லி இல்லை. வேறொரு சின்ன ஸ்டுடியோவில் எடுத்தார்கள்.

நௌசிகா தந்த பணத்தை மியாசாகி என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. யானகாவா என்ற ஊரின் கால்வாய்களைப் பற்றித் தகாஹாதா ஆவணப்படம் எடுக்க ஆசைப்பட்டார். மியாசாகி தன் பணத்தை அதில் போட்டார். தகாஹாதா கெடு என்பதை மதித்ததே இல்லை. படம் இழுத்துக்கொண்டே போனது, பணம் தீர்ந்தது. என்ன செய்வது என்று சுசுகியிடம் போய் நின்றால், "இன்னொரு படம் எடுங்கள்" என்ற மாதிரி பதில். அப்படி ஆரம்பித்ததுதான் 'லாபுதா'. அதை எடுக்கத்தான் 1985-இல் தொகுமாவின் பணத்தில் கிப்லி பிறந்தது.

"கால்வாய்ப் படம் எடுத்த கடனை அடைக்க ஒரு கம்பெனியா?" என்றார் அப்பா. சிரித்தார். டோக்கியோவில் அவர் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மேலே தரைத்தளத்தில் 'ஒரு படம் பிறக்கும் இடம்' என்று ஐந்து சின்ன அறைகள். இந்த இடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு தாத்தா தன் மேஜையைப் பேரனுக்கு விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். சுவர் முழுக்க ஒட்டிய ஓவியங்கள், கூரையில் தொங்கும் விமானம், குட்டையாகத் தேய்ந்த பென்சில்கள் நிரம்பிய சீசா, வண்ணக் குப்பிகள். படத்தின் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்த புத்தகங்களை நாமே புரட்டிப் பார்க்கலாம். விளக்கப் பலகைகள் மிகக் குறைவு, இருப்பவையும் ஜப்பானிய மொழியில். 'இப்படிப் போ' என்று அம்பு போட்டு வழி காட்டுவதும் இல்லை. சேர்ந்து தொலைந்து போவோம் என்பதுதான் இவர்களின் அறிவிக்கப்பட்ட கொள்கை. எனக்கு அது பிடித்தது. எல்லாவற்றையும் வாசித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குப் பிடிக்காது.

மியாசாகி இந்தக் கட்டப் படங்களை முழுசாக வரைந்து முடிப்பதற்கு முன்பே படவேலை ஆரம்பித்துவிடுவார், முடிவு என்னவென்று வேலை செய்பவர்களுக்கே தெரியாது என்றேன்.

"அப்போ நம்மூரு மாதிரிதான்."

வித்தியாசம் என்னவென்றால், இங்கே அதற்காகக் கையால் வரைய வேண்டும். 'இளவரசி மோனோனோகே'வுக்கு மட்டும் சுமார் 1,44,000 செல் தாள்கள், அதாவது வரைந்து வண்ணம் பூசிய கண்ணாடித் தாள்கள். இத்தனையும் வரைந்தவர்களுக்கு ஆரம்பத்தில் என்ன கிடைத்தது? லாபுதா காலத்தில் படத்துக்குப் படம் ஆள் சேர்ப்பார்கள், படம் முடிந்தால் கலைத்துவிடுவார்கள். கூலி, வரைந்த தாளின் எண்ணிக்கைக்கு. 1989-இல் 'கிகி' படம் ஓடியதும் மியாசாகி நிலைமையை மாற்றினார். எல்லோருக்கும் மாதச் சம்பளம், அதை இரட்டிப்பாக்குவது குறிக்கோள், வருஷாவருஷம் புது ஆட்களை எடுத்துப் பயிற்சி. நல்ல காரியம்தான். ஆனால் மாதச் சம்பளம் என்று ஆனபின் ஸ்டுடியோ ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது. ஒரு படத்தின் கடைசித் தாள் காய்வதற்குள் அடுத்த படம் மேஜைக்கு வந்தாக வேண்டும். 1992-இல் கொகனேயில் சொந்தக் கட்டடம் கட்டினார்கள். வரைபடம் போட்டவர் மியாசாகி. பெண்கள் கழிப்பறை ஆண்களுடையதைப் போல இரண்டு மடங்கு பெரிது. 17 வருஷமாக அலுவலகங்களில் வேலை பார்க்கிற எனக்கு, இந்தக் கம்பெனியைப் பற்றி வாசித்ததிலேயே மனதில் நின்ற தகவல் இதுதான்.

அப்பா ஒரு பென்சில் சீசாவின் முன் ரொம்ப நேரம் நின்றார். "புரொஜக்டர் வெளிச்சத்துக்கு எரிக்குற கார்பன் குச்சியை இப்படித்தான் போட்டு வைப்போம். கடைசி ஒரு இஞ்சு வரைக்கும் எரிப்போம். முதலாளி எண்ணுவாரு" என்றார்.

அதற்கு மேல்தளத்தில் பூனைப் பேருந்து அறை. பஞ்சுமெத்தை மாதிரி ஒரு பெரிய பேருந்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வரை ஏறி விழுந்து புரளலாம். பெரியவர்கள் வேடிக்கை பார்க்கலாம், பெருமூச்சு விடலாம். பக்கத்திலேயே கடை, பெயர் 'மம்மா ஆயுதோ'. 'போர்கோ ரோசோ' படத்தில் விமானத்தில் வரும் வான்கொள்ளையர்களின் பெயர். கொள்ளைக்காரர்களின் பெயரைக் கடைக்கு வைத்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். விலையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். சனிக்கிழமை மதியம் உள்ளே தோள் இடிக்காமல் நகர முடியாது. பையனுக்கு உள்ளங்கை அளவு டோடோரோ ஒன்று வாங்கினேன். அப்பா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து மனதுக்குள் ரூபாயாக்கி, அமைதியாகத் திரும்ப வைத்தார்.

ஆனால் அவர் கேள்விக்குப் பதில் அந்த அலமாரியில்தான் இருந்தது. டோடோரோ படத்தைத் தனியாக எடுக்க யாரும் பணம் போடத் தயாராக இல்லை. சின்சோஷா என்ற இன்னொரு பதிப்பகம் 'மின்மினிகளின் கல்லறை'க்குப் பணம் போட வந்ததும், இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாக 1988 ஏப்ரலில் வெளியிட்டார்கள். ஒன்று மியாசாகி, மற்றது தகாஹாதா. ஒன்றில் மழையில் குடை பிடித்துக் காத்திருக்கும் பிள்ளைகள், இன்னொன்றில் போரில் பசியால் சாகும் பிள்ளைகள். எந்தப் புண்ணியவான் இப்படிச் சேர்த்தானோ. தகாஹாதா வழக்கம்போல் நேரத்துக்கு முடிக்கவில்லை. சில காட்சிகள் வண்ணம் பூசாமலேயே திரைக்குப் போயின.

"பூசாமலா? ஆபரேட்டர உதைச்சிருப்பானுவளே!" என்றார் அப்பா, அந்த முகம் தெரியாத ஜப்பானிய ஆபரேட்டருக்காக உண்மையாகவே கவலைப்பட்டு.

தியேட்டரில் அந்த ஜோடி பெரிதாக ஓடவில்லை. தொலைக்காட்சியில் போட்ட பிறகுதான் டோடோரோ வீடு வீடாகப் போனது. பொம்மை வந்ததே இரண்டு வருஷம் கழித்துத்தான். பொம்மை விற்கப் படம் எடுத்தவர்கள் இல்லை இவர்கள். ஆனால் அந்தப் பொம்மை, அடுத்தடுத்த படங்கள் இழுத்துக்கொண்டு போனபோதெல்லாம் கம்பெனிக்குச் சோறு போட்டது. கடைசியில் கம்பெனியின் முத்திரையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

கிகிக்குப் பிறகு ஏறுமுகம். 1997-இல் மோனோனோகே ஜப்பான் வசூல் சாதனையை முறியடித்தது. 2001-இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' 3,000 கோடி யென்னைத் தாண்டி, 2020 வரை அந்தச் சாதனையை வைத்திருந்தது. பெர்லின் படவிழாவில் தங்கக் கரடி விருது, அப்புறம் ஆஸ்கார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அருங்காட்சியகமும் இதைப் பீற்றிக்கொள்ளவில்லை. எங்களுக்கு ஒரு விருதுச் சிலைகூடக் கண்ணில் படவில்லை.

தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது. மியாசாகிக்கும் தகாஹாதாவுக்கும் பிறகு யார் என்ற கேள்விக்கு இவர்கள் வைத்திருந்த பதில் யோஷிஃபுமி கொண்டோ. 1995-இல் ஒரு படம் எடுத்தார், நன்றாகவே எடுத்தார். 1998 ஜனவரியில் 47 வயதில் ரத்தக்குழாய் கிழிந்து இறந்துபோனார். அந்த நாற்காலி பிறகு நிரம்பவே இல்லை. இதைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. அவரிடம் வேலை பழகிய பையன் ஒருவன் இருந்தான். அது வேறு கதை.

வெளியே இரும்புச் சுழல்படி வழியாக மொட்டை மாடிக்கு ஏறினால், லாபுதா படத்து ரோபோ ஐந்து மீட்டர் உயரத்தில் பாசி படிந்த மாதிரி நிற்கும். கட்டடத்துக்குள் படம் எடுக்கத் தடை, வெளியே எடுக்கலாம். அதனால் டோக்கியோவில் இருக்கும் எல்லோருடைய செல்போனிலும் இந்த ரோபோ இருக்கும், உள்ளே இருப்பது ஒன்றுமே இருக்காது. தடை நல்லது என்பதே என் கட்சி. போன் இல்லாததால் பையன் மூன்று மணி நேரம் கண்ணால் பார்த்தான். சுழல்படி குறுகல். முட்டி வலிக்காரர்கள் தவிர்த்துவிடலாம்.

அப்பாவுக்கு ரோபோவைவிடக் கீழ் முற்றத்து அடிகுழாய்தான் பிடித்தது. அடித்தால் தண்ணீர் வருகிறது! பிள்ளைகள் வரிசை கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம தெருவுல குடத்தோட நாலு மணிக்கு எந்திரிச்சு நிப்போம். இங்க வெளையாட வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அவரும் நாலு அடி அடித்தார்.

கடைசியாக வைத்திருந்தது 'சனிக்கிரகத் தியேட்டர்'. எண்பது பேர் உட்காரலாம். இந்த அருங்காட்சியகத்துக்காகவே எடுத்த குறும்படங்களில் ஒன்றை, மாதத்துக்கு ஒன்று என்கிற மாதிரி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். டிவிடியில் கிடையாது, இணையத்தில் கிடையாது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு முறை. எங்களுக்கு வாய்த்தது 'கம்பளிப்பூச்சி போரோ'. 2018-இல் மியாசாகி எடுத்தது, 14 நிமிஷம். இப்போதுதான் பொரிந்த புழு ஒன்று முதன்முதலாக உலகத்தைப் பார்க்கிறது. வசனமே இல்லை, மொழி தெரியாத தாத்தாக்களுக்கு இதைவிட நல்ல படம் அமையாது. இலை கடிபடும் சத்தம், காற்று, குளவி என்று எல்லாச் சத்தத்தையும் தாமோரி என்ற நகைச்சுவைக் கலைஞர் ஒருவரே வாயால் எழுப்பியிருக்கிறார். அப்பாவிடம் சொன்னதும், "அத்தனையும் ஒரு வாயா?" என்றார்.

ஆனால் படம் ஓடும்போது பாதி நேரம் அவர் திரையைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தியேட்டரில் புரொஜக்டர் அறையை ஒளித்து வைக்கவில்லை. ஒரு ரயில் பெட்டி மாதிரி செய்து கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். படம் முடிந்ததும் ஜன்னல் மறைப்புகள் தானாக விலகிப் பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. எல்லோரும் எழுந்துபோன பிறகும் அப்பா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"31 வருஷத்துல எவனாவது மேல திரும்பிப் பார்த்தான்னா, படம் அறுந்துருச்சுன்னு அர்த்தம். விசிலடிக்கத்தான் திரும்புவான்."

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. கம்பெனி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். 2013-இல் மியாசாகி ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அதே வருஷம் தகாஹாதாவின் 'இளவரசி காகுயா' வந்தது. எட்டு வருஷ வேலை, செலவு 500 கோடி யென், வசூல் அதில் பாதி. நிப்பான் டிவியின் செயிசிரோ உஜியே என்பவர், தகாஹாதாவின் படம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையிலேயே அதற்குப் பணம் ஏற்பாடு செய்தார். படம் முடியும் முன் 2011-இல் அவர் போய்விட்டார். 2014-இல் தயாரிப்புப் பிரிவை நிறுத்தினார்கள். மாதச் சம்பளக்காரர்கள் கலைந்தார்கள், சிலர் தனி ஸ்டுடியோ தொடங்கினார்கள். 2018-இல் தகாஹாதா காலமானார். ஓய்வு பெற்ற மியாசாகி வழக்கம்போல் திரும்பி வந்தார். விளம்பரமே இல்லாமல் 2023-இல் ஒரு படத்தை வெளியிட்டு, 83 வயதில் இன்னொரு ஆஸ்காரும் வாங்கினார். அதே 2023-இல் கம்பெனியின் 42.3 சதவீதப் பங்கு நிப்பான் டிவிக்குப் போனது. மியாசாகியின் மகன் கோரோதான் இந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர், அவரும் படங்கள் எடுத்தவர். கிப்லியைத் தனியாளாகச் சுமக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"வித்துட்டான்னு சொல்லு."

"விற்றார்கள்தான் அப்பா. ஆனால் கடனுக்காக இல்லை."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "38 வருஷம் ஓட்டியிருக்கான். வீடு போகலல்லா" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனிக்கு இதற்குமேல் பாராட்டு வராது.

எனவே, அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா என்றால், தாராளமாக. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். படங்களைப் பார்க்காதவர்கள் குறைந்தது டோடோரோவையாவது முந்தின நாள் போட்டுக் காட்டிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. உட்கார இடம் அதிகமில்லை. கழிப்பறை சுத்தம், பெண்கள் வரிசையும் வேகமாக நகர்ந்தது.

அப்பா ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு வீடியோ காலில் அவர் முகம் இருட்டாகத் தெரிந்தது. ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருந்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர் தியேட்டரிலிருந்து வெட்டுத் துண்டு பிலிம் கொண்டு வருவார். பீஸ் போன குண்டு பல்பின் உள்ளிருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, வெளியிலிருந்து கண்ணாடியால் வெயிலைப் பாய்ச்சி, அம்மாவின் வெள்ளைச் சேலையில் படம் காட்டுவோம். அந்த மேகத் துண்டை அப்படிக் காட்டப் போகிறேன் என்று பேரனுக்கு வாக்கு கொடுத்திருந்தாராம். தெரு முழுக்கக் கேட்டும் ஒரு குண்டு பல்பு கிடைக்கவில்லை.

"எல்லாப் பயலும் எல்.இ.டி. மாட்டிட்டான்" என்றார்.

பையன் போனை என்னிடமிருந்து பிடுங்கி, "தாத்தா, இங்கே நூறு யென் கடையில் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றான்.

"பீஸ் போனதா இருக்கணும்ல," என்றார் அப்பா, "புதுசை வாங்கி ஒடைச்சா ஒங்க பாட்டி வைவா."